கிளட்ச் காலுக்குள் ஒரு பலூன்

என் இடது கால் செத்துப்போனது ஒரு மார்கழிக் காலை ஏழு மணிக்கு. அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், பிறகு வந்த ஒரு நர்சம்மா அந்த நேரத்தைப் பேனாவால் என் முழங்காலுக்குக் கீழே எழுதிவிட்டார். அது அழிய நாலைந்து நாள் ஆயிற்று.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் நாகலூரிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் போகும் ஒரு பிரைவேட் பஸ்ஸின் டிரைவர். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் செம்மநத்தம். வீட்டில் சாமையும் கொஞ்சம் காப்பியும் போட்ட நிலம் இருந்தது, எனக்கு அதில் நாட்டமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும். நல்ல டிரைவர் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. வாயும் நீளம்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று முதல் டிரிப். நாகலூரைத் தாண்டி ஒரு எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் வளைவு ஒன்று வரும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றக் கிளட்சை மிதித்தேன். முழங்காலுக்குப் பின்னால் யாரோ உருட்டுக்கட்டையால் ஓங்கி அடித்தது போல இருந்தது. அடித்தது யார் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்தேன். அடுத்த நொடி கிளட்ச் தானாக மேலே வந்தது, வண்டி குதித்து நின்றது. கால் கிளட்ச் மேலேதான் கிடந்தது. ஆனால் அது என் பேச்சைக் கேட்கவில்லை.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். கண்டக்டர் பின்னாலிருந்து ஓடி வந்தான்.

"என்னாச்சுங்ணா? எதுக்கு நிறுத்திட்டீங்க?"

"கால் மரத்துப்போச்சுடா. ரெண்டு நிமிசம் இரு, சரியாயிரும்."

இரண்டு நிமிடத்தில் சரியாகவில்லை. வலி போய், காலே இல்லாதது போல ஆயிற்று. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்தோம். மலையில் பஸ் ஓட்டுகிறவர்களும் அதில் போகிறவர்களும் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

டிரைவர் சீட்டுக்கு இடது பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழியில் எங்கள் பஸ்ஸில் பானட்டுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் கிடையாது. காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் ஏறியதும் முதலில் அதன் மேல்தான் கையை வைப்பார்கள். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி அதன் ஓரத்தில் உட்கார வைப்பார்கள். ஈரத் துண்டு காயும், டிபன் தூக்குச் சூடாகும், சளி பிடித்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். குளிர் சம்பந்தப்பட்ட எல்லா நோவுக்கும் எங்களுக்கு அதுதான் டாக்டர். ஜில்லென்று ஒரு கால் இருந்தால் அதை வேறெங்கே வைப்பது?

"கிளட்சு மிதிச்சு மிதிச்சு நரம்பு பொரண்டிருக்குஞ் சாமி. பானட்டு மேல வெய்யி, சூடு ஏறுனாச் சரியாப் போவும்" என்றாள் ஒரு பாட்டியம்மா. பஸ் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. கண்டக்டர் என் காலைத் தூக்கிப் பானட் மேல் வைத்து, சூடு குறையாமல் இருக்க இன்ஜினை ஸ்டார்ட் செய்தும் விட்டான். இன்னொருவர் யூகலிப்டஸ் தைலத்தை எடுத்துப் பாதம் முழுக்கத் தேய்த்தார். தைலம் அந்தப் பஸ்ஸில் எல்லோருக்கும் எரிந்தது, எனக்கு மட்டும் எரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பின்வண்டி வந்து ஹாரனை அலற விட்டது.

பின்வண்டி டிரைவருக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் டைமிங் தகராறு. எனக்கு அரை மணி கழித்துக் கிளம்புவது அவன் வண்டி. நான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று அவனுக்குச் சேர வேண்டிய ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது அவன் புகார். கொஞ்சம் உண்மையும்தான். அன்று அவன் டைமில் என் வண்டி நடுவழியில், இன்ஜின் ஓட நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இறங்கி வந்து என் பக்கத்துக் கதவை அடித்தான்.

"யோவ்! எந் டைமு வர்ற வரைக்கும் இங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்குவியா?"

எனக்கும் பொறுக்கவில்லை. செத்த காலைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. "எறங்கி வர்றன் இருடா" என்று கதவைத் திறந்து குதித்தேன். வலது கால் ஊன்றியது. இடது கால் துணி மாதிரி மடங்கியது. நேராக அவன் மேலேயே விழுந்தேன். அடிக்கத்தான் பாய்கிறேன் என்று நினைத்து அவன் என் சட்டையைப் பிடித்தான். பிடித்த பிறகுதான், பிடிக்காவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்பது அவனுக்குப் புரிந்தது.

பின்வண்டியிலிருந்து வெள்ளைச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இறங்கி வந்தார். ஏற்காட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்து, வேட்டியை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பாதம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. குதிகாலில் அரை ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம்.

"இதென்னங்கண்ணா, சுட்ட காயம்?"

"பானட்டு மேல வெச்சிருந்தனுங்க."

"சுடலீங்களா?"

"இல்லீங்களே."

"கொப்புளமே வந்திருக்குது, சுடலைங்கறீங்க! இந்தக் காலுக்குச் சூடு காட்டச் சொன்னது யாரு?"

பாட்டியம்மா உட்பட எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நர்சம்மா பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். கணுக்காலுக்கு உள்பக்கம் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது வாயுவும் இல்ல, நரம்பும் இல்ல. காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருச்சுங்க. எப்ப வலிச்சுது?"

"ஏழு மணி இருக்குங்க."

பேனாவை எடுத்து என் காலிலேயே ஏழு என்று எழுதினார். "ஆறு மணி நேரத்துக்குள்ள அடைப்பை எடுக்கோணும். இங்க முடியாது, சேலத்துக்குத்தான் போகோணும். ஒரு மணிக்குள்ள."

"தாண்டிருச்சுன்னா?"

அவர் பேனாவை மூடினார். நான் மறுபடியும் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்.

"காலை எடுத்துருவாங்கண்ணா" என்றார்.

எனக்கு வந்தது பயமல்ல, கோபம். எந்தக் கால் போனாலும் போகட்டும், கிளட்ச் காலா போக வேண்டும்? ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு டீக்கடை வைக்கலாம், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டலாம். பஸ் ஓட்ட முடியாது. பஸ் ஓட்டாமல் நான் என்ன ஆள்? அந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன்.

பின்வண்டிக்காரன் என் முன்னால் முதுகைக் காட்டிக் குத்த வைத்து உட்கார்ந்தான். "ஏறு" என்றான். தூக்கிப்போய்த் தன் வண்டியில் முன் சீட்டில் போட்டுவிட்டு, திரும்பி நின்று பாசஞ்சர்களிடம் சொன்னான்.

"எறங்கறவங்கெல்லாம் ஏற்காட்ல எறங்கிக்குங்க. அதுக்கப்புறம் வண்டி சேலத்துலதான் நிக்கும்."

ஏற்காட்டில் இரண்டு நிமிடம் நின்றான். அதற்குள் நர்சம்மா தன் ஆஸ்பத்திரிக்குள் ஓடி, சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கம்பளியும் பஞ்சுமாகத் திரும்பி வந்தார். டியூட்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டாராம். காலைப் பஞ்சில் சுற்றித் தொங்கப்போடச் சொன்னார். "தூக்கி வெக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, சூடு காட்டவே கூடாது" என்று மூன்று விரலை மடக்கிச் சொன்னார்.

கீழே இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவையும் அன்றுதான் நான் முதன்முதலாக டிரைவர் சீட்டில் இல்லாமல் இறங்கினேன். என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அவன் ஹாரனை அழுத்தியபடி பறந்தான், ஸ்டாப்பில் கை காட்டிய ஆட்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் துள்ளலாகத்தான் இருந்தது, ஆனாலும் குறை சொல்லாமல் இருக்க வரவில்லை.

"பிரேக்கை நம்பி எறக்கறயே! கியர்ல எறக்குய்யா, டிரம்மு காஞ்சிரும்."

"ஒத்தக் கால் டிரைவரு எனக்குச் சொல்லித் தர்றயா? வாய மூடிக்கிட்டு வா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மன்னிப்பெல்லாம் அவன் கேட்கவில்லை. அடுத்த வளைவை இரண்டாவது கியரில் இறக்கினான்.

ஒன்பது மணிக்குச் சேலம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு குட்டையான அம்மா, முப்பது முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. எங்கள் பக்கத்துப் பேச்சுதான் பேசினார். தொடை இடுக்கில் விரலை வைத்து, "இங்க துடிக்குது" என்றார். கொஞ்சம் கீழே வைத்து, "இங்க இல்ல" என்றார். உடனே ஒரு ஊசி போட்டார்கள், மேற்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்க. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதுங்களா?"

"எட்டு வயசுல வந்துதுங்க. மூணு மாசம் பள்ளிக்கூடம் போகல."

"நடந்தா மூச்சு வாங்குதுங்களா?"

"மேடு ஏறுனா வாங்கும். மலைக்காரனுக்கு யாருக்குங்க வாங்காது?"

அவர் சிரிக்கவில்லை. அந்தக் காய்ச்சல் என் இருதயத்தில் ஒரு கதவைக் கெடுத்துவிட்டதாம். கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் அங்கே தேங்கி உறைந்திருக்கிறது, உறைந்ததில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு ஓடிவந்து காலில் மாட்டிக்கொண்டது. "இருதயத்தை அப்புறம் பாக்கலாம். இப்பக் காலுதான் அவசரம்" என்றார்.

இரண்டு தாளில் கையெழுத்து கேட்டார்கள். முதல் தாள், அடைப்பை எடுக்க. இரண்டாவது தாள், எடுக்க முடியாமல் போனால் தொடைக்குக் கீழே காலை எடுக்க. முதல் தாளில் போட்டேன். இரண்டாவதைத் தள்ளிவிட்டேன்.

"இதுல போட மாட்டனுங்க."

"செத்த காலை ஒடம்புல உட்டு வெச்சா உயிரே போயிருமுங்க."

"போகட்டுமுங்க."

டாக்டரம்மா என்னோடு சண்டைக்கு வரவில்லை. உள்ளே போய், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து, தொடாமல் பார்க்கச் சொல்லி மூடியைத் திறந்தார். உள்ளே மெல்லிய குழாய்கள் மூன்று கிடந்தன. சைக்கிள் பிரேக் ஒயரைவிட மெல்லிசு. ஒரு முனையில் ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சு மாட்டுகிற வாய். மறுமுனையில் ஒட்டிச் சுருங்கிய சின்ன ரப்பர்.

"காலை மேலேருந்து கீழ வரைக்கும் கிழிக்கப் போறதில்லீங்க. தொடை இடுக்குல மூணு வெரல் அகலத்துக்குத் தோலைத் தெறந்து, ரத்தக் குழாய்ல சின்னதா ஒரு ஓட்டை. அது வழியா இதை உள்ள உடுவோம். அடைப்பைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். போனதும் சிரிஞ்சால கொஞ்சம் தண்ணி ஏத்துனா இந்த ரப்பரு பலூனாட்ட உப்பும். அப்படியே மேல இழுத்தா, அடைப்பை முன்னால தள்ளிக்கிட்டு வெளிய வரும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டீசல் பைப் அடைத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோம்? வாயை வைத்து உறிஞ்சுவோம், இல்லாவிட்டால் கம்பியை விட்டுக் குத்துவோம். குத்தக் குத்த அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். எத்தனை தடவை ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தப் பைப்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! அடைப்புக்கு அந்தப் பக்கம் போய், அங்கேயிருந்து அணைத்து இழுத்துக்கொண்டு வரலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லையே.

"அந்தப் பக்கம் போயி உப்பறதுங்களா!" என்று கத்திவிட்டேன். "எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சானுங்க இதை?"

"யாரா இருந்தா என்னங்க. கையெழுத்துப் போடுங்க, மணியாகுது."

இரண்டாவது தாளிலும் போட்டேன்.

இருதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்ததால் மயக்க மருந்து கொடுக்கவில்லை, தொடை இடுக்கை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். தியேட்டர் கடிகாரத்தில் பதினொன்றேகால். ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்கு ஆத்திரம், ஆனால் ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததாம். என் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பெரிய வேடிக்கை என் காலிலேயே நடக்கிறது, எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையா? அப்போதுதான் தலைக்கு மேலே தொங்கிய விளக்கைக் கவனித்தேன். அதன் பளபளப்பான விளிம்பில் எல்லாம் தெரிந்தது. சின்னதாக, வளைந்து, இடம் வலமாக. கண்ணாடியைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது போதாதா?

"டாக்டரம்மா, எனக்கு எல்லாம் தெரியுதுங்க" என்றேன்.

"பாருங்க. ஆட மட்டும் ஆடாதீங்க."

என் தலைமாட்டில் மலையிலிருந்து வந்த நர்சம்மா நின்றார், முன்னே சேலத்தில் தியேட்டர் வேலை பார்த்த பழக்கத்தில் அவரை உள்ளே விட்டிருந்தார்கள். கால்மாட்டில் ஒரு வயதான ஆயா, பாதத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை.

குழாய் உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வலிக்கவில்லை, ஆனால் தொடைக்குள் ஏதோ நடந்து போவது போல ஒரு கூச்சம். டாக்டரம்மா நிறுத்தினார், சிரிஞ்சை அழுத்தினார், மெதுவாக இழுத்தார். ஓட்டை வழியாகக் கருஞ்சிவப்பாக விரல் நீளத்துக்கு ஒன்று வழுக்கி விழுந்தது. வேக வைத்த ஈரல் துண்டு மாதிரியே இருந்தது.

"வந்துருச்சுங்களா?"

"பாதி வந்திருக்குது. ஆயாம்மா, பாதம்?"

"வெளுப்பாத்தானுங்கம்மா இருக்குது."

மிச்சம் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அங்கே ரத்தக் குழாய் சிறுத்துவிடும், அதற்கு இன்னும் மெல்லிய பலூன் வேண்டும். அதை எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்து ஊதிப் பார்த்தார். குமிழி வந்தது. பஞ்சர். ஒரு தடவை உபயோகித்ததைக் கழுவி, மருந்துப் புகையில் வைத்து மறுபடி மறுபடி உபயோகிக்கிற காலம் அது. ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

"இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது. ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்றைக் கிண்ணத்தில் விட்டு ஊதினார். நான் விளக்கின் விளிம்பையே பார்த்தேன். கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு பலூன் உருண்டையாக உப்பி நின்றது. குமிழி வரவில்லை. நர்சம்மா என் தோளை அழுத்தினார்.

மூன்றாவது குழாய் இறங்கியது. கடிகாரத்தில் பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம். டாக்டரம்மா நிறுத்தி நிறுத்தி இழுத்தார், கட்டைவிரல் சிரிஞ்சின் மேல் ஏறி ஏறி இறங்கியது.

"ஏனுங்க, கட்டைவெரலை எதுக்கு அப்படி ஆட்டறீங்க?"

"பேசாம இருங்க." கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். "அதிகமா ஊதுனாக் குழாயோட உள் தோலு உரிஞ்சு வந்துரும். கம்மியா ஊதுனா அடைப்பு நழுவிரும். இழுக்கறதுக்குத் தக்கன ஊதோணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரியாமல் போகும்? "ஆஃப் கிளட்சுங்க!" என்றேன். "மேட்டுல நின்ன வண்டியை எடுக்கறமாதிரிங்க. ஒரு காலு உட உட, ஒரு காலு மிதிக்க மிதிக்க. வண்டி பின்னால உருளவுங் கூடாது, குதிக்கவுங் கூடாது."

முகமூடிக்குள் அவர் சிரித்தது எனக்குத் தெரிந்தது. கை மட்டும் நிற்கவில்லை. "அதேதானுங்க" என்றார். "அதேதான்."

வந்தது. நீளமாக, வால் வாலாகப் பிரிந்து, என் முழங்காலிலிருந்து பாதம் வரை இருந்த குழாய்களின் அச்சாகவே வந்தது. அதன் பின்னாலேயே ரத்தம் பீறிட்டது. எனக்குத் திக்கென்றது. டாக்டரம்மாவோ, "கீழேருந்து ரத்தம் வருது! பாருங்க, கீழேருந்து வருது!" என்று எல்லோரிடமும் சொன்னார். வழி திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஓட்டையைத் தைத்தார். பிடித்திருந்த கிடுக்கியை எடுத்தார்.

"ஆயாம்மா?"

"வெளுப்பாத்தான்... இருங்கம்மா... இருங்க... செவக்குதுங்கம்மா! சாமி, கட்டவெரலு செவக்குது!"

அப்போது வந்தது பாருங்கள் ஒரு வலி. ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் கடித்தது போல. குதிகால் கொப்புளம்கூடத் தன் பங்குக்கு எரிந்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன், வலியில் கத்தினேன், எது எது என்று பிரிக்க முடியாது. நர்சம்மா ஓடிப்போய்ப் பாதத்தின் மேல் விரலை வைத்தார். "இருக்குது டாக்டர், நாடி இருக்குது" என்றார், அவர் அழுதுகொண்டிருந்தார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வார்டுக்குக் கொண்டுபோன பிறகு டாக்டரம்மா விரலை ஆட்டச் சொன்னார். ஆடவில்லை. பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னார். பாதம் சிவப்பாக, வெதுவெதுப்பாக, அழகாக, அசையாமல் கிடந்தது. அதற்குள் வலியும் அடங்கி, கணுக்காலுக்குக் கீழே மறுபடி மரத்துவிட்டது.

"அஞ்சு மணி நேரம் ரத்தமில்லாம நரம்பு சோர்ந்துபோயிருக்குது. திரும்பி வரலாம்."

"வராமலும் போலாமுங்களா?"

"போலாமுங்க" என்றார். பொய் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் என் வீட்டுக்காரி வந்தாள். பின்வண்டிக்காரன்தான் அடுத்த டிரிப்பில் கூட்டி வந்திருந்தான். அவள் என்னைத் திட்டிவிட்டு அழுதாள், பிறகு காலைத் தொட்டுப் பார்த்து, "சூடாத்தானே இருக்குது" என்று சிரித்தாள். பின்வண்டிக்காரன் கட்டில் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்தபடி, "இனிமே எந் டைம்ல அஞ்சு நிமிசம் நீ எடுத்துக்கய்யா" என்றான். பஸ்காரன் ஒருவன் இன்னொருவனுக்கு அதைவிடப் பெரிதாக எதையும் கொடுக்க முடியாது. எனக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது.

"வண்டி ஓட்டறவனுக்குத்தான்யா டைமு. மொதல்ல இது மிதிக்குமான்னு பாரு."

அவன் போய்விட்டான். பாவம். அன்று பூராவும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால் போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷப்படவும் செய்தேன். ஆனால் கிளட்சை மிதிக்காத கால் எனக்கு எதற்கு என்ற நினைப்பும் நகரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா தனியாக வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. போர்வையை விலக்கி, தன் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்தார்.

"இதுதான் கிளட்சுன்னு நெனச்சுக்குங்க. மிதிங்க."

கண்ணை மூடினேன். வண்டி நிறைய ஆள். மேடு. மூன்றாவதில் இன்ஜின் திணறுகிறது, இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும். மிதித்தேன். தொடைவரை இறுகியது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை."

மிதித்தேன். அப்போதுதான் அது தெரிந்தது.

"உங்க கை நொம்ப ஜில்லுன்னு இருக்குதுங்களே" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"கைங்க. ஜில்லுன்னு."

சொல்லி முடித்தபோதே எனக்கும் புரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து, பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். அவருடைய மணிக்கட்டு மடங்கியது. பிறகு முழங்கை மடங்கியது. அவர் அரை அடி பின்னால் போனார். போனவர் அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னாச்சுங்க?" என்றேன் பயந்துபோய்.

"ஒண்ணுமில்லீங்க. பெரிய டாக்டரு கூட நின்னு நாலஞ்சு பண்ணியிருக்கறன். தனியா இந்தப் பலூனை உட்டது உங்களுக்குத்தான் மொத தடவை."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா ரெண்டு தாள்லயும் கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

நான் முதன்முதலாகத் தனியாக மலையேறிய அன்று பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குழந்தையோடு ஒரு அம்மா, "இந்த ரோட்ல எத்தன வருசமா ஓட்டறே கண்ணு?" என்று கேட்டாள். நான் திரும்பாமல், "பத்து வருசமுங்க" என்றேன். ஸ்டியரிங் என் வேர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது. இதை அதுவரை யாரிடமும், என் வீட்டுக்காரியிடம்கூட, நான் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எழுந்து வந்து, இந்தத் தடவை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து என் பாதத்தில் வைத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றி நின்றுகொண்டார்.

"மிதிங்க" என்றார். "என்னை அந்தச் செவுரு வரைக்கும் தள்ளோணும்."